சோடியத்தின் கடைசி எலக்ட்ரானுக்கு நான்கு எண் எழுதுவது எப்படி

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டிய மேசையில்தான் டியூஷன். தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வருகிற நம் பிள்ளைகள், பதினொன்றாம் வகுப்பு. ஒரு நாள் சாம்பார் பொங்கி வழிந்து, நீலமாக எரிந்த கேஸ் சட்டென்று மஞ்சளாகிவிட்டது. "மஞ்சள் பொடியாலயா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. வெறும் உப்புத் தண்ணீரில் ஸ்பூனை நனைத்துச் சுடரின் ஓரத்தில் காட்டினேன். அதே மஞ்சள். உப்பில் இருக்கிற சோடியம் செய்கிற வேலை அது. அன்றிலிருந்து குவாண்டம் எண்களை, அதாவது அணுவுக்குள் ஓர் எலக்ட்ரான் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிற நான்கு எண்களை, சோடியத்தில்தான் தொடங்குகிறேன்.

சோடியத்துக்கு 11 எலக்ட்ரான். முதலில் எலக்ட்ரான்கள் இருக்கிற இடங்களை (1எஸ், 2எஸ், 2பி என்று பெயர்) உள்ளிருந்து வெளியே நிரப்புங்கள்: 1எஸ்-இல் 2, 2எஸ்-இல் 2, 2பி-இல் 6. பத்து ஆயிற்று. மிச்சமிருக்கிற ஒன்று 3எஸ்-க்குப் போகும். நமக்கு வேண்டியது அதுதான்.

முதன்மைக் குவாண்டம் எண் 3. இதை எழுதியதும் பேனாவை நிறுத்துங்கள். மார்க் போவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடுத்த எண்ணான கோண உந்த எண்ணுக்கு எந்த மதிப்பெல்லாம் அனுமதி என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: 0, 1, 2. முதன்மை எண்ணைவிட ஒன்று குறைவு வரைதான். 3 வரவே வராது. 0 என்றால் எஸ், 1 என்றால் பி, 2 என்றால் டி. நம் எலக்ட்ரான் 3எஸ்-இல் இருப்பதால் 0. காந்தக் குவாண்டம் எண், கோண உந்த எண்ணின் கழித்தல் மதிப்பிலிருந்து கூட்டல் மதிப்பு வரை போகும். இங்கே 0 மட்டுமே. தற்சுழற்சி எண் +½ அல்லது -½. தனியாக இருக்கிற எலக்ட்ரானுக்கு எதுவும் சரி, வழக்கமாக +½ எழுதுவோம்.

ஆக 3, 0, 0, +½. ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரானுக்கு இந்த நான்கும் ஒன்றாக இருக்காது. 1925-இல் பவுலி சொன்ன விதி இது. இதனால்தான் ஓர் ஆர்பிட்டாலில், அதாவது முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்கிற ஓர் இடத்தில், இரண்டுக்கு மேல் இடமில்லை.

இப்போது அடுப்புக்கு வருவோம். சுடரின் சூட்டில் அந்த எலக்ட்ரான் 3பி-க்கு ஏறுகிறது. முதன்மை எண் மாறவில்லை, கோண உந்த எண் மட்டும் 0-இலிருந்து 1 ஆயிற்று. திரும்ப இறங்கும்போது விடுகிற ஆற்றல்தான் அந்த மஞ்சள் ஒளி, சுமார் 589 நானோமீட்டர்.

இரண்டுக்கும் முதன்மை எண் 3தானே, ஆற்றல் ஏன் வேறு? படம் வரைந்து பாருங்கள். 3எஸ் என்றதும் ஒரு வட்டம் போட்டு விட்டுவிடாதீர்கள். உள்ளே இன்னும் இரண்டு வட்டம் புள்ளிக்கோட்டில் போடுங்கள். அவை எலக்ட்ரான் இருக்க வாய்ப்பே இல்லாத கணுக்கள். அவற்றுக்கும் உள்ளே, அணுக்கருவை ஒட்டி, 3எஸ்-இன் ஒரு சிறு பகுதி இருக்கிறது. உள் எலக்ட்ரான்கள் பத்தும் கருவின் இழுவிசையை மறைக்கின்றன. ஆனால் அந்தத் திரையைத் தாண்டி 3எஸ் எலக்ட்ரான் அவ்வப்போது கருவருகே போய்விடுகிறது. கூடுதலாக இழுபடுவதால் அதன் ஆற்றல் தாழ்கிறது. 3பி-க்கோ கரு இருக்கும் இடத்திலேயே ஒரு தளக்கணு (தட்டையான தளமாக அமைந்த கணு), அவ்வளவு கிட்டே நெருங்க முடியாது. ஹைட்ரஜனில் மறைக்க வேறு எலக்ட்ரான் இல்லாததால் 3எஸ்-உம் 3பி-உம் ஏறத்தாழ ஒரே ஆற்றல். இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடிக்கும்; பிள்ளைகளை இரண்டு முறை வரையவைப்பேன்.

அந்த மஞ்சளே நெருக்கமான இரண்டு கோடுகள்: 589.0, 589.6. 3பி-இல் எலக்ட்ரானின் தற்சுழற்சி அதன் கோண உந்தத்தோடு இரண்டு விதமாகச் சேர்வதால் வருவது. நான்காவது எண்ணைச் சும்மா சேர்க்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

சரி, அடுத்து பொட்டாசியத்தின் 19-ஆவது எலக்ட்ரானை நீங்களே எழுதிப் பாருங்கள். 3டி-யா 4எஸ்-ஆ என்று தயங்கினால் முதல் இரண்டு எண்ணையும் கூட்டுங்கள்: 3டி-க்கு 5, 4எஸ்-க்கு 4. சிறியது முதலில் நிரம்பும். 4, 0, 0, +½ வந்ததா?