அறிவியல் எழுத்துத் தாளுக்கு ஒரு பருவத் திட்டம்: ராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரிகளுக்காக

பாடத்திட்டக் குழு கூடினால் எந்தப் பாடநூல், எத்தனை யூனிட் என்றுதான் பேச்சு தொடங்கும். அறிவியல் எழுதப் பழக்கும் எழுத்துத் தாளுக்கு அவை பிறகு வரட்டும். முதலில் போட வேண்டியது திருத்தும் நேரக் கணக்கு.

வகுப்பில் 60 பேர். ஆளுக்கு 4 ஆவணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல் வரைவு, ஒரு இறுதி வடிவம். ஒன்றைத் திருத்த 15 நிமிடம் என்றால் மொத்தம் 120 மணி நேரம். 15 வாரப் பருவத்தில் அது வாரத்துக்கு 8 மணி நேரம். வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்கும் உதவிப் பேராசிரியரால் இது ஆகாது. ஆறாவது வாரத்திலேயே தாள்களில் டிக் போட்டு, அடியில் மதிப்பெண் மட்டும் எழுதும் நிலை வந்துவிடும். மாணவர்களும் திருத்தி எழுதுவதை விட்டுவிடுவார்கள். எழுத்துத் தாள்கள் பெரும்பாலும் படுத்துப்போவது இங்கேதான். பாடநூலின் மேல் பழி போடுவதில் பயனில்லை.

ஆகவே ஆவணங்கள் மூன்று போதும்: ஒரு செய்முறைக் குறிப்பு, ஒரு ஆய்வறிக்கை, ஒரு பக்கத் துண்டறிக்கை. செய்முறைக் குறிப்பின் முதல் வரைவை ஆசிரியர் தொடவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. மற்ற இரண்டின் முதல் வரைவில் ஒரே ஒரு பக்கம், ஆளுக்கு 5 நிமிடம்: 10 மணி நேரம். இறுதி வடிவம் மூன்றுக்கும் தலா 12 நிமிடம்: 36 மணி நேரம். மொத்தம் 46, வாரத்துக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். இதை மனம் சோராமல் செய்ய முடியும்.

மூன்று கிரெடிட் தாள் என்றால் இரண்டைப் பாடமாகவும் ஒன்றைச் செய்முறையாகவும் பிரித்துக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கணக்கில் ஒரு கிரெடிட் பாடம் 15 மணி நேரம், ஒரு கிரெடிட் செய்முறை 30 மணி நேரம். அப்படிப் பிரித்தால் 30 மணி நேரம் வகுப்பும் 30 மணி நேரம் ஆய்வகமும் கிடைக்கும். மூன்றும் பாடம் என்று போனால் 45 மணி நேரமும் பேச்சிலேயே கரைந்துவிடும். செய்முறை என்று எழுதிவிட்டால் வகுப்பை 30 பேர் கொண்ட இரண்டு பேட்ச்சாகவும் பிரிக்கலாம். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை மாற்ற முடியாத இணைப்புக் கல்லூரியாக இருந்தால், அக மதிப்பெண்ணை இந்த மூன்று ஆவணங்களுக்குப் பங்கிட்டு இதே திட்டத்தை ஓட்டலாம்.

நாட்காட்டியைக் கடலோடு சேர்த்துப் பாருங்கள்

ஒற்றைப்படைப் பருவம் என்றால் களவேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வாடை அடிக்க ஆரம்பித்தால் பாக் நீரிணைப் பக்கக் கரையில் மாணவர்களை நிறுத்தி அளவெடுப்பது சிரமம். இரட்டைப்படைப் பருவத்தில் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை வசதியான காலம். மீன் இறங்குதளத்தில் மீனவர்களிடம் பேசிக் குறிப்பெடுக்கும் பயிற்சி இருந்தால் அதை ஏப்ரலுக்குத் தள்ளக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தளத்தில் மீன் வரத்தும் இருக்காது, எடை போடுவதும் இருக்காது.

அறிக்கைக்கான தரவை எங்கிருந்து எடுப்பது என்ற கவலை இந்த மாவட்டத்துக்கு இல்லை. மண்டபம் ஊரில் நிலம் குறுகலாக இருப்பதால் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என இரண்டு கடலிலும் ஒரே மதியத்தில் நீர் எடுக்கலாம். இரண்டு குழுக்களை ஒரே மணிக்கு இரு கரையிலும் நிறுத்தினால் ஒப்பிடத்தக்க தரவு கையில் வந்துவிடும். பொதுக் கடற்கரையோடு நின்றுகொள்ளுங்கள். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அனுமதி வரும் என்று நம்பி வாரத் திட்டம் போட்டால் பருவம் முடிந்துவிடும். பவளப்பாறைத் துண்டு, கடல் அட்டை எதையும் எடுத்துவரக் கூடாது என்பதைப் பேருந்து ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. ஆய்வகக் கண்ணாடிக் குப்பியில் வைக்கலாமே என்று ஆசையாய் எடுத்துவரும் மாணவர் ஒருவராவது இருப்பார்.

முதல் ஆவணம்: செய்முறைக் குறிப்பு

கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரால் கடல்நீரின் உப்புத்தன்மையை அளப்பது எப்படி, ஒரு பக்கம். கருவி சிறியது, வேலை ஐந்து நிமிடம், தவறு நடக்கும் இடங்கள் ஏராளம். அதனால்தான் இது நல்ல பயிற்சி. 30 பேருக்கு 5 கருவிகள் போதும்.

நல்ல குறிப்பில் இருக்க வேண்டியவை: காய்ச்சி வடித்த நீர் இரண்டு மூன்று சொட்டு விட்டு, அளவு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, நிற்காவிட்டால் திருகைத் திருப்பிச் சரிசெய்தல், மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்தல், மாதிரி நீரை விட்டு மூடியை மூடும்போது குமிழி சிக்காமல் பார்த்தல், கருவியின் வெப்பநிலைக்கு நீர் வர அரை நிமிடம் பொறுத்தல், வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டைப் படித்தல், முடிந்ததும் நன்னீரால் கழுவுதல். மாணவர்கள் எழுதித் தருவதோ ‘தேவையான அளவு நீர் எடுத்து அளவீட்டைக் குறித்துக்கொள்ளவும்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பூச்சியம் பார்ப்பது பத்தில் எட்டுப் பேருக்கு நினைவே வராது. அவர்கள் கைக்கு வந்தபோது கருவி ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்தது என்பதே காரணம். எனவே கருவிகளைக் கொடுக்கும் முன் நீங்களே இரண்டில் திருகைச் சற்றுக் கலைத்து வையுங்கள்.

முதல் வரைவைச் சோதிப்பது ஆசிரியர் அல்ல, வகுப்பின் மற்றொரு பேட்ச் மாணவர். அவர் கையில் தாளும் கருவியும் மட்டும். எழுதியவர் பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல், அவர் கை எங்கே தயங்குகிறது, எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார் என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு தயக்கமும் ஒரு திருத்தம். ‘இல்ல, அதை இப்படித் திருப்பணும்’ என்று சொல்லாமல் அடக்கிக்கொள்வதுதான் அவர்களுக்குக் கடினம். சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்தது. வேறு ஆளை வைத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாம் ஆவணம்: ஆய்வறிக்கை

இதற்கு ஐந்தாம் வாரம் முதல் பதினோராம் வாரம் வரை ஒதுக்குங்கள். உச்சவரம்பு 1200 சொல், ஒரு அட்டவணை, ஒரு வரைபடம். அச்சில் வரும் வரிசை முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்பது. எழுதும் வரிசை வேறு: முதலில் அட்டவணை, அடுத்து வரைபடம், பிறகு முடிவுகள், முறை, விவாதம், முன்னுரை, கடைசியில் சுருக்கம். முன்னுரையிலிருந்து தொடங்க விட்டால் ‘பூமியின் பரப்பில் 71 விழுக்காடு கடல்’ என்று ஆரம்பித்து, மண்டபத்து உப்புத்தன்மை மூன்றாம் பக்கத்தில்தான் வரும். முதல் வரைவில் நீங்கள் படிக்கும் ஒரே பக்கம் முடிவுகள் பக்கமாக இருக்கட்டும். அங்கே இருக்கும் கோளாறு மற்ற எல்லாப் பக்கத்துக்கும் பரவும்.

எண்களில் தொடங்குங்கள். சாதாரணக் கருவியின் அளவுகோலில் ஒரு கோடு என்பது ஒரு பி.பி.டி., அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு உப்பு. மூன்று முறை படித்து 34, 35, 34 வந்தால், கால்குலேட்டர் 34.3333 என்று காட்டும். மாணவர் அதை அப்படியே எழுதுவார். 34.3 என்பதற்கு மேல் போனால், கருவிக்குத் தெரியாத ஒன்றை அறிக்கை சொல்வதாக ஆகும். எண்ணுக்கும் அலகுக்கும் இடையில் ஓர் இடைவெளி; அட்டவணையில் அலகு தலைப்பு வரிசையில் ஒரே முறை; அட்டவணைத் தலைப்பு மேலே, வரைபட விளக்கம் கீழே. பட்டை வரைபடம் என்றால் அச்சு பூச்சியத்தில் தொடங்க வேண்டும். 33-இல் தொடங்கிவிட்டால் ஒரு பி.பி.டி. வித்தியாசம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போலத் தெரியும். சிறு வேறுபாட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் புள்ளி வரைபடம் போடச் சொல்லுங்கள். முப்பரிமாணப் பட்டைகளுக்குக் கேள்வி கேட்காமல் மதிப்பெண் குறைக்கலாம்.

அலகுக்கு இந்தக் கரையிலேயே நல்ல பயிற்சி உண்டு. மீனவர் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார். பாகம் என்பது இரு கை விரித்த நீளம், ஏறக்குறைய ஆறு அடி. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ‘எட்டுப் பாகம்’ என்று அவர் சொன்னதை 1.83-ஆல் பெருக்கி 14.64 மீட்டர் என்று எழுதுவது தவறு. ‘ஏறக்குறைய 14 முதல் 15 மீட்டர், மீனவர் கூற்று’ என்பது சரி. அளவையின் நம்பகத்தன்மை பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடத்துவதைவிட இந்த ஒரு கணக்கு ஆழமாக இறங்கும்.

உயிரினப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். கரையில் பாசி எடுக்கும் பெண்கள் மரிக்கொழுந்து என்று சொல்வதை அறிக்கையில் ஜெலிடியெல்லா அசெரோசா என்று அறிவியல் பெயரோடு ஒருமுறை இணைத்துக் காட்ட வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் நம்பினால் அடுத்த ஊரில் அது வேறு பாசியாக இருக்கலாம். அச்சில் சாய்வெழுத்து, கையெழுத்தில் பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் தனித்தனி அடிக்கோடு.

விவாதப் பகுதியில்தான் மாணவர்கள் கடல் கடந்து போவார்கள். ஒரு நாள், இரண்டு இடம், ஆறு அளவீடு. அதிலிருந்து ‘பாக் நீரிணையைவிட மன்னார் வளைகுடா உப்பு மிகுந்தது’ என்று முடிவு கட்டுவார்கள். அந்த நாளில், அந்த மணியில், அந்த இரண்டு புள்ளிகளில் என்ன இருந்தது என்பதற்கு மேல் அந்தத் தரவால் சொல்ல முடியாது. முந்தின நாள் மழை, பக்கத்தில் வந்து சேரும் கழிவுநீர், ஓதமா (கடல் ஏற்றம்) வற்றமா (இறக்கம்) என்பது எல்லாம் எண்ணை மாற்றும். இவற்றைக் களக்குறிப்பேட்டில் எழுதியிருந்தால் விவாதம் தானாக வரும். எழுதாதவர் இணையத்தில் பொதுக் காரணங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

மேற்கோள் பயிற்சிக்கு மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமே போதும். 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனம் நெடுங்காலம் மண்டபத்திலிருந்தே இயங்கியதால் இந்தக் கரை பற்றிய பழைய கட்டுரைகள் நிறைய உண்டு. அதன் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆளுக்கு ஒரு கட்டுரை, 150 சொல் சுருக்கம், அவ்வளவுதான். வடக்கே இருக்கும் கல்லூரிகளுக்குத் தொண்டியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழகக் கடலியல் துறை அருகில் இருக்கும்.

மூன்றாம் ஆவணம்: ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை

ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும் இது தமிழில். படிப்பவர் கப்பாபைகஸ் பாசி வளர்க்கும் மகளிர் குழுவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் கட்டி, ஏறக்குறைய 45 நாளில் அறுவடை செய்யும் தொழில். கனமழைக்குப் பின் நீரில் உப்பு குறைந்தால் பாசிக்கு என்ன ஆகும், எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, யாரிடம் கேட்பது என்ற மூன்றே விஷயம் போதும். ‘விழிப்புணர்வு’, ‘பயனாளிகள்’ என்ற சொற்களுக்கு இங்கே தடை போடுங்கள். கடலைப் பற்றி எழுதுபவரைவிடப் படிப்பவருக்கு அதிகம் தெரியும். பாடம் எடுக்கும் தொனி வந்தால் தாள் அப்படியே மீன் மடிக்கப் போகும். காற்றை அறிக்கையில் திசையும் வேகமுமாக எழுதியவர் இதில் மீனவர் சொல்லும் பெயரிலேயே கச்சான், வாடை, கொண்டல் என்று எழுதட்டும். முதல் வரைவை நீங்கள் பார்த்த பிறகு, கரையில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் திருப்பிக் கேட்ட கேள்விகளைத் தாளின் பின்பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். கேள்வியே வரவில்லை என்று எழுதிவந்தால் வாசித்திருக்க மாட்டார்கள்.

மதிப்பெண்ணும் நகலெடுப்பும்

அறிக்கைக்கு 20 என்றால்: எண், அலகு 5, பகுதி அமைப்பு 5, அட்டவணை, வரைபடம் 4, முதல் வரைவிலிருந்து இறுதிவரை நடந்த மாற்றம் 3, மொழி 3. மொழிக்கு மூன்றுதானா என்று ஆங்கிலத் துறை கேட்கும். தமிழ்வழியில் படித்துவந்த மாணவர் இலக்கணப் பயத்தில் எளிய வாக்கியத்தைக்கூட எழுதாமல் பிறர் வாக்கியத்தை எடுத்து ஒட்டுவதற்கு முக்கியக் காரணமே மொழிக்குக் கொட்டிக் கொடுக்கும் மதிப்பெண். இலக்கணப் பிழையை ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாகத் திருத்துங்கள். எல்லாப் பக்கமும் சிவப்பானால் ஒரு பக்கமும் படிக்கப்படாது.

யுஜிசியின் 2018 விதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. ஆனால் மென்பொருள் வாக்கியத்தைத்தான் பிடிக்கும், கற்பனைத் தரவைப் பிடிக்காது. அதற்குக் களக்குறிப்பேடு பேனாவில் இருக்க வேண்டும். தவறைக் கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது. அன்று மாலையே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். மூன்று அளவீடும் எப்போதும் ஒரே எண், நேரம் எப்போதும் 3.00, 3.30, 4.00 என்றால் சந்தேகப்படலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கியதைக் கண்டுபிடிக்க மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். பதினான்காம் வாரம் ஆளுக்கு 3 நிமிட வாய்மொழித் தேர்வு வைத்து, அவருடைய வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு ‘இது எங்கே எடுத்தது, அப்போது காற்று எப்படி இருந்தது’ என்று கேளுங்கள். 60 பேருக்கு 3 மணி நேரம். இரண்டு ஆய்வக வகுப்புகளில் முடிந்துவிடும்.

பதினைந்தாம் வாரத்தில் அந்த ஆண்டின் எல்லா அளவீடுகளையும் தேதி, நேரம், இடம், கருவி எண் ஆகியவற்றோடு ஒரே எக்செல் கோப்பில் சேர்த்துத் துறைக் கணினியில் வையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு முறைப் பகுதி கற்பிக்க அதுவே பயன்படும். கருவி எண் இல்லாத வரிசைகளைச் சேர்க்காதீர்கள்.