கோல்ஃபில் அயர்னுக்கும் (நடுத்தரத் தூரத்துக்கான மட்டை) வெட்ஜுக்கும் (குறைந்த தூரத்துக்குப் பந்தை உயர எழுப்பும் மட்டை) நடுவே விழும் தூரப் பள்ளத்தை, அதாவது எந்த மட்டைக்கும் சிக்காத தூர இடைவெளியை, அடைப்பது எப்படி?

முதலில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு மட்டையாலும் பத்துப் பந்து அடித்து, சரியாகப் படாதவற்றைத் தள்ளிவிட்டு, மீதியின் சராசரியை யார்டில் குறியுங்கள். பந்து காற்றில் போன தூரம் மட்டும்தான் கணக்கு, உருண்டது சேராது. தேய்ந்த பயிற்சிப் பந்து வேண்டாம், அளவைக் கெடுத்துவிடும்.

மட்டைக்கு மட்டை 10 முதல் 15 யார்டு வித்தியாசம் இருந்தால் நல்லது. பள்ளம் பெரும்பாலும் பிட்ச்சிங் வெட்ஜுக்கு (அயர்ன் செட்டோடு வரும் வெட்ஜ்) அடுத்துதான் விழுகிறது. முன்பு அதன் லாஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு) 48 டிகிரி வாக்கில் இருந்தது. இப்போது பல செட்களில் 44தான். அதோடு 56 டிகிரி சாண்ட் வெட்ஜை (மணல் குழியிலிருந்து அடிக்க உதவும் மட்டை) மட்டும் வாங்கினால் நடுவில் 12 டிகிரி ஓட்டை. ஒன்று 110 யார்டு போகும், மற்றது 80. குழியின் கொடியோ 95இல் நிற்கும்! 48, 52, 56 என்று நிரப்புங்கள். பையில் இரண்டுக்குத்தான் இடமென்றால் 50, 56.

மட்டையில் பொறித்த லாஃப்ட் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம். கடையில் அளந்து, வளைத்துச் சரிசெய்து தருவார்கள். ஆனால் லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் (மட்டை தரையில் புதையாமல் தடுக்கும் அடிப்பாகக் கோணம்) ஒரு டிகிரி குறையும். மணலில் மட்டை ஆழமாகப் புதையும்.

4, 5 அயர்ன் இரண்டும் ஒரே தூரம் போகிறதா? 4ஐ எடுத்துவிட்டு ஹைபிரிட் (அயர்னைவிடச் சுலபமாகப் பந்தை எழுப்பும் கலப்பு மட்டை) வையுங்கள். விதிப்படி மொத்தம் 14 மட்டைதான்.