ஒலி ஒன்று, எழுத்து வேறு: ஆங்கில மயங்கொலிச் சொற்களை நான் பிரித்துக்கொண்ட முறை

கொடைக்கானலில் வில்பட்டி பக்கம் மூன்று அறைகளோடு ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். போர்டு, மெனு, விருந்தினருக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் என் கையால்தான். இரண்டு வருடத்துக்கு முன் மதுரைக் குடும்பம் ஒன்று, நாயைக் கூட்டி வரலாமா என்று கேட்டது. வரலாம் என்று சொல்ல நினைத்து, 'வீ எக்செப்ட் டாக்ஸ்' என்று அனுப்பிவிட்டேன். ஏற்கிறோம் என்பதற்கு ஏ-யில் தொடங்கும் அக்செப்ட் வேண்டும். நான் எழுதியது இ-யில் தொடங்கும் எக்செப்ட். 'தவிர' என்று பொருள். நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுடைய சின்னப் பெண் இரண்டு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு ரொம்ப வலித்தது. அப்புறம்தான் இதற்கென்று உட்கார்ந்தேன்.

முதல் படி: உங்கள் சொற்களை மட்டும் எடுங்கள்

இருநூறு ஜோடிகள் கொண்ட பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். வேண்டாம். போன மாதம் நீங்கள் அனுப்பிய செய்திகள், எழுதிய பில், போர்டு இவற்றை மட்டும் பாருங்கள். எனக்கு ஏழு சொற்கள்தான் தேறின. அதில் ஒன்று, கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் சித்தப்பாவின் பழக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த போர்டில் இருந்தது. பேரிக்காய்க்கு பி-இ-ஏ-ஆர். நான் எழுதியிருந்தது பி-ஏ-ஐ-ஆர், அதாவது ஜோடி.

இரண்டாம் படி: ஜோடியாகப் படிக்காதீர்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. நோட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எழுதி மனப்பாடம் செய்தேன். ஒரு வாரம் கழித்து இரண்டுமே நினைவில் இருந்தன, எது எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததே குழப்பத்தை வளர்த்துவிட்டது.

தமிழில் மனம், மணம் இரண்டையும் யோசித்துப் பாருங்கள். பேச்சில் பலருக்கு இரண்டும் ஒரே ஒலிதான். ஆனாலும் மல்லிகை மணக்கிறது என்று எழுதும்போது கை தயங்குவதில்லை. பூவோடு சேர்ந்தே அந்த ண மனதில் பதிந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லையும் அப்படி ஒரு பொருளோடு கட்டிவிட வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு ஜோடியில் உங்களுக்கு அதிகம் தேவைப்படும் சொல்லை மட்டும் எடுங்கள். உங்கள் ஊரில் ஓர் இடத்தோடு சேருங்கள். இரண்டு வாரம் அது ஒன்றே. இன்னொன்றின் பக்கம் போகவே வேண்டாம்.

எனக்கு அது ஸ்டேஷனரி. மூஞ்சிக்கல்லில் பில் புத்தகம் வாங்கும் கடையை நினைத்துக்கொண்டேன். பேப்பர் என்ற சொல் இ-ஆர் என்று முடியும். பேப்பர் விற்கும் ஸ்டேஷனரி இ-ஆர்-ஒய் என்று முடியும். நகராமல் நிற்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரிக்கு ஏ-ஆர்-ஒய். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இடைக்கால ஐரோப்பாவில் தெருத்தெருவாக அலையாமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு ஸ்டேஷனர் என்று பெயர். அவரிடம் கிடைத்த பொருள்கள் ஸ்டேஷனரி ஆகிவிட்டன. இது தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சொல் தவறவே இல்லை.

மாவைக் குறிக்கும் ஃப்ளவரும் அப்படித்தான். பிரையன்ட் பூங்காவில் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சியின் ஃப்ளவரும் அதுவும் ஒரு காலத்தில் ஒரே சொல். தானியத்தின் மிக நேர்த்தியான பகுதியை அதன் 'மலர்' என்றார்கள். எழுத்து பிற்பாடுதான் பிரிந்தது.

ஏன் இத்தனை குழப்பம் என்று கேட்பீர்கள். இறைச்சியைக் குறிக்கும் மீட், சந்திப்பைக் குறிக்கும் மீட் இரண்டும் முன்பு வேறு வேறாகவே ஒலித்தன. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியதிலிருந்து எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது. உயிரொலிகள் அதற்குப் பின்னும் மாறிக்கொண்டே போய், சில ஒன்றாகிவிட்டன. நம் தவறு என்று கூச்சப்பட இதில் எதுவுமில்லை.

மூன்றாம் படி: அனுப்பும் முன் தேடுங்கள்

ஸ்பெல்செக்கை நம்பாதீர்கள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பல நேரம் சிவப்புக் கோடு விழாது. வாய்ஸ் டைப்பிங் சுற்றியுள்ள சொற்களை வைத்தே எழுத்தை ஊகிக்கிறது. மூன்றே சொல் உள்ள போர்டில் ஊகிக்க என்ன இருக்கிறது? செயலிகள் பலவற்றைப் போட்டுப் பார்த்து நீக்கிவிட்டேன். சட்டைப்பையில் அடங்கும் நோட்டும், ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றும் எனக்குப் போதும். அச்சுக்குப் போகும் முன் என் ஏழு சொற்களையும் ஒவ்வொன்றாகத் தேடி, அகப்படும் இடத்தில் தமிழ்ப் பொருளை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். 'ஸ்வீட் ரூம்' என்று மெனுவின் கீழே இருந்தது இப்படித்தான் அகப்பட்டது. இனிப்பு அறை இல்லையே! படுக்கையறையோடு உட்காரும் அறையும் சேர்ந்ததற்கு எஸ்-யூ-ஐ-டி-இ. அப்படி எழுதினாலும் அதை ஸ்வீட் என்றே படிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: இட்ஸ் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் நின்றால் எஸ்-க்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி (மேலே போடும் சின்னக் கொக்கிக் குறி) போடுங்கள். 'அதனுடைய' என்று பொருள் வந்தால் குறி வேண்டாம். 'இட் ஹேஸ்' என்று விரிந்தாலும் குறி உண்டு. இதை முதலில் எழுத விட்டுவிட்டேன், ஒரு வாசகர்தான் சுட்டிக்காட்டினார்.

இன்னொன்று: வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் ஒருவர், கட்டணப் பலகைக்காக ஃபேர், பிரேக் இரண்டையும் கேட்டார். வண்டிக்குரியவை இரண்டும் இ-யில் முடியும். கட்டணம் எஃப்-ஏ-ஆர்-இ, வண்டியை நிறுத்துவது பி-ஆர்-ஏ-கே-இ. நியாயம், திருவிழாச் சந்தை இவற்றுக்கான ஃபேரும், உடைவதற்கான பிரேக்கும் இ-யில் முடியாது. பலகை எழுதியதும் படம் அனுப்பியிருந்தார், சரியாக இருக்கிறது.