அட்ரினல் சிரை ரத்தச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணங்களில் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவோர் ஏராளம். மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதவரிடம், "உப்பைக் குறைங்க, கருவாட்டை விடுங்க" என்று சொல்லி அனுப்புவதோடு பல நேரம் பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கோளாறு சாப்பாட்டில் இல்லை, அட்ரினல் சுரப்பியில் இருக்கிறது. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பி அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால், உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். 1955-இல் ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த நோய் இது.

செம்பனைக் குலை வெட்டுபவருக்குக் கால் பிடித்து இழுத்தால் 'வேலை அப்படி' என்று விட்டுவிடுகிறோம். அது பொட்டாசியம் குறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். பொட்டாசியம் சரியாக இருக்கிறது, அதனால் இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறுதான்; இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பொட்டாசியம் சாதாரண அளவிலேயே இருக்கிறது. அல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகப் பொருளான ரெனின் இரண்டையும் ரத்தத்தில் அளந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

நோய் உறுதியானதும் அடுத்த கேள்வி, எந்தப் பக்கம் என்பது. அதைக் கண்டுபிடிப்பதுதான் அட்ரினல் சிரை ரத்தச் சோதனை: இரண்டு சுரப்பிகளின் சிரை ரத்தத்தையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுவது. ஒரு சுரப்பி மட்டும் என்றால் அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிடலாம். இரண்டும் என்றால் ஆயுளுக்கும் மாத்திரைதான். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "டாக்டர், சிடி ஸ்கேன்ல இடது பக்கம் கட்டி தெரியுதே, அதை எடுத்துட்டா போதும்ல?" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. ஆனால் வயது ஏற ஏற, எதையும் சுரக்காத வெறும் கட்டிகள் அட்ரினலில் வருவது சகஜம். குற்றவாளி எதிர்ப்பக்கம் படத்தில் தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒளிந்திருக்கலாம். 950 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் வந்த ஆய்வுத் தொகுப்பில், 37.8 விழுக்காட்டினருக்கு ஸ்கேன் படம் ஒன்று சொல்ல, சிரை ரத்தம் வேறொன்று சொன்னது. 35 வயதுக்குக் கீழே, பொட்டாசியம் குறைந்து, அல்டோஸ்டிரோன் மிக அதிகமாகி, ஒரே பக்கம் தெளிவான கட்டியும் இருந்தால் மட்டும் சிரைச் சோதனை இல்லாமலே அறுவைக்குப் போகலாம் என்பது வழிகாட்டிகள் தரும் விலக்கு.

அதற்காகப் படம் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். எது குற்றவாளி என்று படத்திடம் கேட்பதுதான் பிசகு. எந்த வழியாகப் போவது என்று கேட்டால் அது அருமையாகப் பதில் சொல்லும்.

சோதனையில் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இரண்டு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுப்பார்கள். இடது சிரை, சிறுநீரகச் சிரையில் வந்து சேர்வதால் பெரும்பாலும் சிக்கிவிடும். வலதுதான் தொல்லை. அது நீளத்தில் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நேராகப் பெருஞ்சிரையின் பின்சுவரில் திறக்கிறது. பக்கத்திலேயே கல்லீரலின் குட்டிச் சிரைகளும் திறக்கின்றன. செம்பனைத் தோட்டத்தில் வரிசைக்கு வரிசை ஒரே மாதிரி தெரிய, சரியான லோரிப் பாதையைப் பிடிப்பது போன்ற வேலை அது. சாயம் செலுத்தி எடுக்கும் தட்டைப் படத்தில் கல்லீரல் சிரையும் அட்ரினல் சிரையும் ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. முன்கூட்டியே சாயம் செலுத்தி, மெல்லிய அடுக்குகளாக சிடி எடுத்து, வலது சிரை எந்த முதுகெலும்பின் மட்டத்தில், எந்தக் கோணத்தில் திறக்கிறது என்று பார்த்து வைப்பது ஒன்று. மேசையில் படுத்திருக்கும்போதே சி-ஆர்ம் என்ற வளைந்த எக்ஸ்ரே கருவியை நோயாளியைச் சுற்றிச் சுழற்றி முப்பரிமாணப் படம் எடுப்பது இன்னொன்று. குழாய் நுனி சுரப்பிக்குள் நிற்கிறதா, கல்லீரலுக்குள் போய்விட்டதா என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும். தவறென்றால் அங்கேயே திருத்தலாம். கொஞ்சம் கூடுதல் கதிர்வீச்சு உண்டுதான். மறுபடியும் ஒருமுறை வந்து படுப்பதைவிட அது மேல் என்பது என் கருத்து.

அறிக்கையைப் படிக்கும்போது முதலில் அல்டோஸ்டிரோனைப் பார்ப்பதும் தவறு. கார்டிசோலைப் பாருங்கள். அதுவும் அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்தான்; குழாய் சரியான சிரைக்குள் போனதா என்பதை அதன் அளவுதான் காட்டும். எடுத்துக்காட்டாக, உடம்பின் பொது ரத்தத்தில் கார்டிசோல் 300, இடது சிரையில் 4,500, வலது சிரையில் 340 என்று இருந்தால், வலப்பக்கம் குழாய் சிரைக்குள் போகவே இல்லை. சுரப்பியைத் தூண்டும் ஊக்க மருந்து கொடுக்காத சோதனையில் சிரையின் கார்டிசோல் பொது ரத்தத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ஊக்க மருந்து கொடுத்திருந்தால் ஐந்து மடங்கு வேண்டும் என்று பல மையங்கள் கேட்கின்றன. அந்த 340-ஐ நம்பி 'வலது நல்லது, இடதை எடுங்கள்' என்று முடிவெடுத்தால், நல்ல சுரப்பியை இழக்க நேரலாம். கட்டி கார்டிசோலையும் சேர்த்துச் சுரந்தால் இந்தக் கணக்கே குழம்பும் என்பதால், கார்டிசோல் மிகையாகச் சுரக்கிறதா என்று பார்க்கும் டெக்ஸாமெத்தசோன் சோதனையை முன்பே முடித்துவிடுவது நல்லது.

சோதனைக்கு முன், அல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளைக் குறைந்தது நான்கு வாரம் நிறுத்தச் சொல்வதுண்டு. அதை டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். பதிலுக்கு வேறு மாத்திரை தருவார். குறைந்த பொட்டாசியத்தையும் முன்பே சரிசெய்ய வேண்டும். சீன மருந்துக் கடை மூலிகைத் தண்ணீரிலும் நம் நாட்டு மருந்திலும் சேரும் அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும், அல்டோஸ்டிரோன் அளவையும் மாற்றிவிடும். அதைக் குடிப்பவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வலது சிரை கிடைக்கவில்லை என்றால் "அவ்வளவுதான்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். சி-ஆர்ம் சிடி வசதியும், அடிக்கடி இதைச் செய்யும் கையும் உள்ள இடத்தில் மறுபடி செய்ய முடியுமா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் நோய் என்று வந்து ஸ்பைரோனோலாக்டோன் ஆரம்பித்த ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். வெட்கப்பட்டு மாத்திரையைக் கமுக்கமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால், எப்லெரெனோன் போன்ற வேறு மருந்துக்கு மாற்றித் தர வழி இருக்கிறது.