சீனருக்கு இங்கிலீஷ் சொல்லித்தரத் தமிழ் எப்படிக் கைகொடுக்கும்

முதல் வகுப்பில் வீக்கெண்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். செங்டுவில் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கும், முப்பது வயது தாண்டிய அந்தப் பெண் "ஐ ப்ளேடு வித் மை ஃப்ரெண்ட்ஸ்" என்றார். என்ன விளையாட்டு என்றேன். முழித்தார். அவர் எதையும் விளையாடவில்லை, நாலு பேராகச் சேர்ந்து ஹாட்பாட் சாப்பிட்டுவிட்டு ஊர் சுற்றியிருக்கிறார்கள். சீனத்தில் 'வான்' என்றொரு சொல் உண்டு, விளையாடுவது, சுற்றுவது, ஜாலியாகப் பொழுதைக் கழிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். அதைத்தான் அப்படியே தூக்கி இங்கிலீஷில் வைத்திருக்கிறார்.

உங்களுக்கு ஆன்லைனில் வரும் சீன மாணவர் பெரும்பாலும் இப்படி ஒருவராகத்தான் இருப்பார், ஏனென்றால் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் ட்யூஷனையும் குறைக்க 2021 ஜூலையில் வந்த 'இரட்டைக் குறைப்பு' விதிகளுக்குப் பிறகு, அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் நடத்தும் நிறுவனங்கள் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களை வைத்துக்கொள்ள முடியாது. ஆக, வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள். இவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்து ஏ, பி, சி-யிலிருந்து ஆரம்பித்துவிடாதீர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறார்கள், ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் 'காவ்காவ்' என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் இங்கிலீஷுக்கு மட்டும் 150 மார்க். இலக்கண விதிகளில் உங்களையே மடக்குவார்கள், நான் மடங்கியிருக்கிறேன். வாயைத் திறக்கும்போதும் நீளமான வாக்கியத்தைப் படிக்கும்போதும்தான் சீனம் பின்னாலிருந்து இழுக்கும். அது எந்த இடத்தில் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும். அதைக் கண்டுபிடிக்க நம் தமிழ் நன்றாகவே உதவும்.

இலக்கணத்தில் முதல் தலைவலி காலம். சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. நேற்று போ, இன்று போ, நாளை போ என்கிற மாதிரிதான், நேற்றா நாளையா என்பதைப் பக்கத்தில் இருக்கும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 'எஸ்டர்டே ஐ கோ' என்பது அவர்கள் காதுக்குக் குறையாகவே படாது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பத்துக்குப் பத்து வாங்குவார்கள், அதனால் அந்தப் பயிற்சியைத் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதிலாக, நேற்று காலை எழுந்ததிலிருந்து நடந்ததை ஆறு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அதே ஆறையும் தினமும் நடப்பதாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது சுற்றில் அதே கதை, ஆனால் அவருடைய அக்காவுக்கு நடந்ததாக. இந்த மூன்றாவது சுற்றில் 'ஹி'யும் 'ஷி'யும் மாறி மாறி வந்து அக்கா அண்ணனாகிவிடுவார். பேச்சில் இரண்டுக்கும் 'தா' ஒன்றுதான், எழுத்து மட்டும்தான் வேறு. நாமும் 'அவங்க வந்தாங்க' என்று ஆணா பெண்ணா என்று சொல்லாமலே பேசுகிறவர்கள்தானே, சிரிக்க வேண்டாம். ஒரு சுற்றில் ஒரே ஒரு தவறை மட்டும் திருத்துங்கள், எல்லாவற்றையும் திருத்தினால் அடுத்த வாரம் வாயே திறக்க மாட்டார்.

'ஆல்தோ' போட்டால் 'பட்' கூடாது, 'பிகாஸ்' போட்டால் 'ஸோ' கூடாது என்பதை ஒருமுறை சொன்னால் போதும், சீனத்தில் இவை ஜோடியாக வரும் என்பதால்தான் அந்தத் தவறு. 'யெஸ், நோ' விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். "டீ பிடிக்காதா?" என்றால் நாம் "ஆமா, பிடிக்காது" என்போம், அவர்களும் அதே கட்சி. அதனால் 'யெஸ்' என்று பதில் வந்தால் அவசரப்பட்டு டீ போட்டுவிடாதீர்கள்.

சொற்களுக்கு வருவோம். அகர வரிசையில் சொல் மனப்பாடம் செய்யும் புத்தகங்களில் ஆரம்பத்திலேயே நிற்கும் சொல் 'அபாண்டன்', அதாவது கைவிடு. முதல் சொல்லைப் படித்த கையோடு புத்தகத்தையே கைவிட்டோம் என்பது சீன மாணவர்களிடையே பழைய ஜோக். இவர்களிடம் சொற்கள் நிறையவே இருக்கின்றன, எதோடு எது சேரும் என்பதுதான் தெரியாது. 'கான்' என்ற ஒரு சொல்லே பார்ப்பதற்கும் படிப்பதற்கும் உதவுகிறது, எனவே 'ஸீ எ புக்'. 'காய்' என்றால் கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, கார் ஓட்டுவது, எனவே 'ஓப்பன் தி லைட்'. மருந்தை அவர்களும் நம்மைப் போலவே சாப்பிடுகிறார்கள், எனவே 'ஈட் மெடிசின்'. 'ஜியே' என்பது கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே சொல், 'பாரோ', 'லெண்ட்' குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

நோட்டில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம் என்று எழுத விடாதீர்கள். சொல்லை அதன் துணையோடு எழுத வேண்டும், 'மெடிசின்' என்று தனியாக இல்லை, 'டேக் மெடிசின்' என்று. அதற்குக் கீழே தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். ஒரு நாளைக்கு ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம். முப்பது செய்கிறேன் என்று அடம்பிடிப்பார்கள், அந்த வளர்ப்பு அப்படி. மூன்று நாள் கழித்து அர்த்தத்தைக் கேட்காமல், அந்தச் சொல்லை வைத்து ஒரு கேள்வி கேளுங்கள், பதிலில் அது தானாக வருகிறதா என்று பாருங்கள்.

வாசிப்புக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன். இந்த வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள்: "தி மேன் ஹூ ஸோல்ட் மி தி பைக் தட் ப்ரோக் டவுன் ஹாஸ் மூவ்ட் டு ஷாங்காய்." ஷாங்காய்க்குப் போனது யார் என்று கேட்டால், பைக் என்று பதில் வந்த நாளும் உண்டு. ஏன் என்று புரிய நம் மொழியைப் பாருங்கள். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பது சீனத்தில் 'வோ ட்ஸுவோதியென் மாய் த ஷூ'. வோ என்றால் நான், ட்ஸுவோதியென் நேற்று, மாய் த வாங்கிய, ஷூ புத்தகம். வரிசை அச்சு அசலாக நம்முடையதுதான், நம் பெயரெச்சம் செய்கிற வேலையை அங்கே 'த' செய்கிறது. இங்கிலீஷில் புத்தகம் முன்னால் வந்து நின்றுவிடும், விவரம் பின்னால் வால் மாதிரி வரும். அந்த வால் நீண்டால் கடைசியில் வரும் வினை யாருடையது என்பது தொலைந்துபோகும்.

அதனால் பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். 'ஹூ' தொடங்கி 'டவுன்' வரை அடைப்புக்குறி. வெளியே மிச்சம் இருப்பதை மட்டும் முதலில் உரக்கப் படிக்க வேண்டும், அந்த ஆள் ஷாங்காய்க்குக் குடிபோய்விட்டார், அவ்வளவுதான். அப்புறம் அடைப்புக்குள் இருப்பது. கடைசியில் முழுவதையும் சீனத்தில் சொல்லச் சொன்னால், 'பழுதான பைக்கை எனக்கு விற்ற ஆள்' என்கிற நம் வரிசையில் வரும். ஒரு பத்தியில் இப்படி இரண்டு வாக்கியம் போதும், மற்றதை அகராதியைத் தொடாமல் ஓட்டமாகப் படிக்கட்டும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் இருந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், எளிதாக வேறொன்று எடுங்கள்.

காவ்காவில் 'ஏழில் ஐந்து' என்று ஒரு கேள்வி வரும், பத்தியில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு ஏழு வாக்கியம் கொடுப்பார்கள், இரண்டு பொய். இதை நீங்களே தயாரிக்கலாம். விடை சரியா தப்பா என்பதோடு விடாமல், முந்தைய வரியில் எந்தச் சொல் இதைக் காட்டிக்கொடுத்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கல்லூரியில் நான்காம் நிலை இங்கிலீஷ் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது உதவும், பாஸ் மாதிரி நினைக்கிற 710-க்கு 425 என்பதுதான் அவர்கள் எல்லோரும் முணுமுணுக்கும் எண்.

எண் என்றதும் ஞாபகம் வந்தது. பத்தியில் 'மில்லியன்' வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் எண்ணுவது பத்தாயிரத்தில், அதுவும் 'வான்'தான், ஆனால் தொனி வேறு. பத்து லட்சம் என்பது அவர்களுக்கு நூறு வான். பத்துக் கோடி ஒரு 'யி'. நாம் லட்சம், கோடியிலிருந்து மாற்றித் திணறுவது போலத்தான் அவர்களும், அதனால் தினமும் ஐந்து எண்களை எழுதிக் காட்டிச் சட்டென்று சொல்ல வையுங்கள்.

வீட்டுப்பாடம் மூன்று வாய்ஸ் மெசேஜ், ஒவ்வொன்றும் அரை நிமிடம். "சாப்பிட்டாச்சா?" என்று அவர்கள் மொழியில் "ச் லெ மா?" என்று நீங்கள் ஆரம்பித்தால் பதில் சீக்கிரம் வரும். ஒன்று மட்டும், நீங்கள் இந்தியாவில் இருந்தால் அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு எட்டரை என்றால் அவர்களுக்கு இரவு பதினொன்று, அதற்கு மேல் திருத்தங்களை அனுப்பாதீர்கள்.