பட்டாளத்துப் பிள்ளையை ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

வீட்டுக்காரருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்துவிட்டது. குடும்பத்தை அங்கே கூட்டிப்போக முடியாது. பிள்ளைகளோடு ஊருக்கு வரப்போகிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் இது புதுக் கதை இல்லை. நானும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று தடவை பள்ளி மாற்றியிருக்கிறேன். முதல் தடவை அசாமின் திப்ருகரிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று நாளுக்கு மேல் உட்கார்ந்து வந்து நாகர்கோவிலில் இறங்கிய பிறகுதான், எதையெல்லாம் வாங்காமல் வந்தேன் என்று புரிந்தது. அதனால் சொல்கிறேன், முக்கால்வாசி வேலை அங்கேயே முடிய வேண்டும்.

1. எந்தப் பள்ளி?

பிள்ளை இப்போது கேந்திரிய வித்யாலயாவில் படித்தால், அங்கே டிசி வாங்கி இங்கே இன்னொரு கேந்திரிய வித்யாலயாவில் சேர்ப்பது இருப்பதிலேயே சுலபமான வழி. அப்பாவை ஃபீல்டு பகுதிக்கு அனுப்பும்போது, குடும்பம் தான் விரும்பும் ஊருக்கு மாறினாலும் அங்கே சேர்க்க அவர்கள் விதியில் இடமுண்டு. போஸ்டிங் ஆர்டர் நகலையும் யூனிட் கொடுக்கும் சான்றையும் கையில் வைத்திருங்கள். நம்ம மாவட்டத்தில் அந்தப் பள்ளி நாகர்கோவில் கோணத்தில் இருக்கிறது. கொல்லங்கோடு, நித்திரவிளைக்காரர்கள் ஒருநாள் காலையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது சின்னத் தூரம் இல்லை.

அடுத்தது பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி அல்லது உதவிபெறும் பள்ளி. இல்லையென்றால் தனியார் சிபிஎஸ்இ. இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஒன்பதோ பதினொன்றோ முடித்த பிள்ளையை நடுவில் பிடுங்காதீர்கள். சிபிஎஸ்இயில் பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகச் சேர்க்க, பெற்றோர் மாறுதல் போன்ற காரணமும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். முடிந்தால் அந்த ஒரு வருஷத்துக்குப் பழைய ஊரிலேயே தங்க ஏற்பாடு செய்யச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

2. பெட்டி கட்டும் முன் டிசியைப் படியுங்கள்

கவரில் போட்டுக் கொடுத்தால் அங்கேயே பிரித்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தேறிய வகுப்பு, பென் என்று சொல்லும் நிரந்தரக் கல்வி எண். இதில் பெயர்தான் பெரிய வில்லங்கம். நாம் இனிஷியலை முன்னால் போடுகிறவர்கள். வடக்கே ஃபாரத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அப்பா பெயரை எழுதிவிடுவோம். ஆதாரில் ஒரு மாதிரி, டிசியில் வேறு மாதிரி, பட்டாள ரெக்கார்டில் மூன்றாவது மாதிரி என்று ஆகிவிடும். என் மூத்தவன் டிசியில் ஒரே ஒரு ‘எச்’ விடுபட்டிருந்தது. அதைத் திருத்தி வாங்கத் தபாலும் ஃபோனுமாக இரண்டு மாதம் போனது.

வெளிமாநில டிசியில் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும் என்று சில பள்ளிகள் கேட்கும். இங்கே சேர்க்கப்போகும் பள்ளிக்கு ஒரு ஃபோன் போட்டு முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பட்டாளத்துக்காரர்களுக்குக் கிடைக்கும் குழந்தைகள் கல்விப்படி. 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய், மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு. இதைக் கிளெயிம் பண்ணப் பிள்ளை அங்கே படித்தது என்று பள்ளித் தலைமை கொடுக்கும் போனஃபைடு சான்று வேண்டும். நடுவருஷத்தில் மாறினால் பழைய பள்ளியில் படித்த மாதங்களுக்கு அங்கேயே ஒன்று வாங்கிவிடுங்கள். நான் வாங்கவில்லை, அந்தக் கிளெயிம் ரொம்ப நாள் இழுத்தது.

3. டிசி வரவில்லையா?

எட்டாம் வகுப்பு வரைக்கும் பயப்பட வேண்டாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, டிசி தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. சண்டை போடாமல் மெதுவாகச் சொன்னாலே போதும். கூடவே பழைய பள்ளிக்கு ஃபோன் போட்டு, கணினிப் பதிவிலிருந்து பிள்ளையை விடுவிக்கச் சொல்லுங்கள். அவர்கள் விடாமல் இங்குள்ளவர்கள் எமிஸ் என்ற தமிழ்நாட்டுப் பள்ளிக் கணினிப் பதிவில் ஏற்ற முடியாது.

4. தமிழ்

காகிதமெல்லாம் எப்படியாவது சரியாகிவிடும். பிள்ளையை அழவைப்பது இதுதான். வீட்டில் பாட்டாவோடு வாய் ஓயாமல் தமிழ் பேசும், ஆனால் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி இங்குள்ள அரசு, உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான் கையில் வரும்.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, அதன்மேல் குறிகள். இந்தி வாசிக்கிற பிள்ளைக்குக் குறி போடும் முறை ஏற்கெனவே தெரியும். சிக்கல் வேறு இடத்தில். இந்தியில் ஒலிக்கு ஒரு எழுத்து, நமக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே ‘க’. இளையவன் வடசேரி பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்த்து ‘நாக்கர்கோவில்’ என்று வாசித்துவிட்டு, “அம்மா, இது எந்த க?” என்றான். அன்றிலிருந்து பஸ் போர்டுதான் எங்கள் பாடப்புத்தகம். குளச்சலில் ‘ச்ச’ அழுத்தமாக வரும், திங்கள்சந்தையில் அதே ‘ச’ மெலிசாக வரும். தக்கலையில் ‘க்க’ இரட்டித்ததால் வல்லோசை. இரட்டித்தால் அழுத்து, நடுவில் தனியாக வந்தால் மெலிசாகச் சொல், மூக்கெழுத்துக்குப் பின்னால் வந்தால் பங்கு, பஞ்சு, பந்து மாதிரி. விதியாகச் சொன்னால் ஏறாது, பத்து போர்டு காட்டினால் ஏறும்.

இதைப் புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே, தினமும் கால் மணி நேரம் தொடங்குங்கள். ர-ற, ல-ள-ழ வித்தியாசத்தை முதல் வருஷம் விட்டுவிடலாம். திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ முகாமிலிருந்து மலையாளம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

5. முதல் இரண்டு வாரம்

வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து இரண்டு விஷயம் சொல்லுங்கள்: தமிழ் வாசிக்கத் தெரியாது, அப்பா தூரத்தில் இருக்கிறார். எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே தெருவிலிருந்து வரும் பிள்ளை பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் மார்க்கைக் கேட்பதை விட, மத்தியானம் யாரோடு சாப்பிட்டான் என்று கேளுங்கள். என் இளையவன் முதல் நாலு நாள் “ஒருத்தரும் இல்ல” என்றான். ஐந்தாம் நாள் கேட்டபோது, பக்கத்து வீட்டுப் பையன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று “மக்ளே, வாறியா?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்ல இவனுக்கு நேரமில்லை.