சூரை மீனை வைத்து கடலின் உணவு வலையை வரைவது எப்படி?

தாளின் நடுவில் சூரையை எழுதுங்கள், உச்சியில் வேண்டாம். என்னதான் வேகமான வேட்டைக்கார மீன் என்றாலும் அதையும் பெரிய சுறாக்களும் ஓர்க்கா எனும் கொலைகாரத் திமிங்கிலங்களும் தின்கின்றன. அம்பு எப்போதும் இரையிலிருந்து தின்பவரை நோக்கித்தான் போகும், பலர் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

சரி, அது எதைத் தின்கிறது? பிடிபட்ட மீனின் இரைப்பையைத் திறந்து பார்ப்பதுதான் பழைய வழி. சதை சீக்கிரம் கரைந்துவிடும், ஆனால் கிளிமூக்கு மாதிரி வளைந்த கணவாய் அலகும் சின்ன மீன்களின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லும் தங்கிவிடும், அந்தக் கல்லின் வடிவத்தை வைத்தே என்ன மீன் என்று கண்டுபிடிக்கலாம். அலகு ரொம்ப நாள் கிடக்கும் என்பதால் கணவாயையே அதிகம் தின்றது போலத் தோன்றும், ஏமாறாதீர்கள்.

சூரைக் குஞ்சுக்குத் தனி இடம் கொடுங்கள். அது மிதவை உயிரிகளைத் தின்கிறது, மற்ற மீன்களுக்கு இரையாகிறது.

அப்புறம் சூரையை விரலால் மறைத்துவிட்டு, யார் பெருகுவார்கள் என்று யோசியுங்கள். நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது: கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தில் காட் என்னும் வேட்டைக்கார மீன் வற்றிப்போய் 1992-ல் கனடா அதைப் பிடிக்கத் தடை போட்டது. அதன் இரையான இறால் அந்தக் காலத்தில் பெருகியது, நீர் குளிர்ந்ததும் அதற்கு ஒரு காரணம்.